பழைய பிக்கப் வண்டியில் தீப்பொறி நேரத்தைச் சரிசெய்தல்

பெரும்போக அறுவடைக் காலத்தில் வண்டி நின்றுவிடின் கமக்காரருக்கு நட்டம் களத்திலேயே தொடங்கிவிடும். குவித்த நெல் மழைக்கு நனையும். சந்தைக்குக் கட்டிய மரக்கறி வாடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய பிக்கப் வண்டிகளை வைத்திருப்போர், "வண்டி இழுக்கவில்லை, சூடேறுகின்றது, எண்ணெய் குடிக்கின்றது" என முறையிடுவதுண்டு. இக்குறைகளுக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று தீப்பொறி நேரம் தவறியிருத்தலாகும். சிறிய கருவிகளைக் கொண்டு இதனை உரிமையாளரே சோதித்துக்கொள்ளலாம்.

தீப்பொறி நேரம் என்பது யாது?

சிலிண்டருள் அமுக்கப்பட்ட எரிபொருட் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. ஆகவே, பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் பொறி தோன்ற வேண்டும். நான்கு சிலிண்டர் யந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்பொழுது டிஸ்ரிபியூற்றர் ஒரு செக்கனுக்கு 100 பொறிகளைப் பகிர்ந்தளிக்கின்றது. ஒவ்வொரு பொறியும் உரிய வேளையில் தோன்றினாலன்றி எரிபொருளின் வலு முழுவதும் சில்லுகளை அடையாது.

பொறி மிக முந்தினால், மேலேறும் பிஸ்ரனை எரிவாயு எதிர்த்துத் தள்ளும். மிகப் பிந்தினால், பிஸ்ரன் கீழிறங்கும்பொழுதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். அவ்வெப்பம் வண்டியை இழுப்பதற்குப் பயன்படாது சிலிண்டர்ச் சுவருக்கும் புகைக்குழாய்க்கும் போய்ச் சேரும்.

வன்னி வண்டிகளுக்குரிய விசேட காரணம்

1990 ஆம் ஆண்டின் பின் வன்னிக்கு எரிபொருள் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பழைய பெற்றோல் வண்டிகள் பல மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சிறிது பெற்றோலை ஊற்றி யந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. அதன் கலவை அமுக்கத்தில் தானாகவே வெடித்துத் தட்டுச்சத்தம் எழுப்பும் இயல்புடையது. இதனைத் தவிர்ப்பதற்குப் பொறியைப் பின்தள்ளி வைத்தல் வேண்டும்.

அக்காலத்துக்கு அது தகுந்த ஏற்பாடே. ஆயினும், 2009 இல் போர் முடிந்து பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், பின்தள்ளிய நேரத்தை மாற்றாது விட்ட வண்டியில் அதுவே குறையாகிவிடும். மறுபுறத்தில், பெற்றோலுக்கென முன்தள்ளி வைத்த வண்டியில், 2022 இல் ஏற்பட்டது போன்ற தட்டுப்பாட்டு வேளைகளில் மண்ணெண்ணெய் கலந்தால், தட்டுச்சத்தம் எழுந்து பிஸ்ரன் பழுதடையக்கூடும். ஓர் எரிபொருளுக்கு வைத்த நேரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதை மனதிற் கொள்க.

குறையை அறியும் விதம்

பொறி முந்தியிருப்பின்: பாரமேற்றி மேட்டில் ஏறும்பொழுது யந்திரத்தில் கணகணவெனத் தட்டுச்சத்தம் கேட்கும். கைப்பிடியாற் சுற்றி இயக்குகையில் அது எதிர்ப்புறமாக உதைக்கும்.

பொறி பிந்தியிருப்பின்: இழுவை குறையும், றேடியேற்றர் நீர் விரைவிற் கொதிக்கும், பெற்றோற் செலவு கூடும், சைலன்சரில் வெடிச்சத்தமும் எழலாம்.

எனினும், றேடியேற்றர் அடைத்திருப்பினும் காபரேற்றரில் காற்று மிகுந்திருப்பினும் வண்டி சூடேறும். அவற்றையும் பார்த்த பின்னரே நேரத்தைக் குறைகூற வேண்டும்.

முதலிற் செய்ய வேண்டியவை

டிஸ்ரிபியூற்றரை உடனே திருப்புதல் தவறு. பின்வருவனவற்றை முதலிற் கவனிக்க.

1. பொயின்ற் கருகியோ குழிந்தோ இருப்பின் மாற்றுக. அது முழுவதும் திறந்து நிற்கும் நிலையில் இடைவெளி மொறிஸ் மைனர் வண்டிக்கு ஏறத்தாழ ஓரங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும். பொயின்றின் குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும். ஆகவே, இடைவெளியைச் சரிசெய்யாது நேரத்தை வைப்பது வீண்வேலை.

2. டிஸ்ரிபியூற்றரின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. அது ஆடுமாயின் ஒவ்வொரு பொறியும் வெவ்வேறு வேளையில் தோன்றும். புழுதி நிறைந்த கிரவல் வீதிகளில் ஓடும் வண்டிகளில் எண்ணெயிடாது விட்டால் இத்தேய்வு விரைவில் ஏற்படும்.

3. வேகத்துக்கேற்பப் பொறியை முந்தச் செய்யும் எடைகள் உள்ளே இறுகியிருக்கலாம். றோட்டரைக் கையாற் சிறிது திருப்பிவிட்டால் அது தானே பழைய நிலைக்கு மீளல் வேண்டும்.

4. பிளக் வயர்கள் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் பொருத்தப்பட்டுள்ளனவா எனப் பார்க்க.

நேரத்தை வைக்கும் முறை

தேவையானவை: ஸ்பனர், தகட்டளவி, 12 வோல்ற் சிறு மின்குமிழ், இரண்டு துண்டு வயர்.

கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் அணைக்க. சாவியை நிறுத்திய பின், பிளக்குகளைக் கழற்றி, றேடியேற்றருக்கு அண்மையிலுள்ள முதலாம் சிலிண்டரின் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு யந்திரத்தை மெதுவாகச் சுற்றுக. காற்று விரலைத் தள்ளுமாயின் பிஸ்ரன் அமுக்க ஓட்டத்தில் மேலேறுகின்றது என அறியலாம். மொறிஸ் மைனர் 1000 வண்டியில், முன்புறக் கப்பியிலுள்ள வெட்டு, மூடியிலுள்ள மூன்று முட்களுக்கு நேரே வரும். நீண்ட முள் பிஸ்ரனின் உச்சநிலையையும், மற்றையவை அதற்கு முந்திய 5, 10 பாகைகளையும் காட்டுவன. கைந்நூலிற் கூறப்பட்ட பாகையில் வெட்டை நிறுத்துக. அது குறியைத் தாண்டிவிடின், நன்றாகப் பின்னே சுற்றி மீண்டும் முன்னோக்கிக் கொண்டுவருக. இல்லாவிடின் சங்கிலியின் தளர்வு கணக்கைப் பிழைப்படுத்தும்.

பின், மின்குமிழின் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு வரும் மெல்லிய வயரின் முனையிலும், மற்றதை யந்திர உடலிலும் தொடுத்துச் சாவியைத் திருப்புக. டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, றோட்டர் சுழலும் திசையில் அதனைத் திருப்பினால் விளக்கு அணையும். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புக. விளக்கு ஒளிரத் தொடங்கும் அக்கணமே பொயின்ற் திறக்கும் கணம். அவ்விடத்திற் பிடியை இறுக்குக. கொயில் சூடேறாதிருக்கச் சாவியை உடனே நிறுத்துக.

இறுதிச் சோதனை

யந்திரம் சூடேறிய பின், வழமையான பாரத்துடன் உயர்ந்த கியரில் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் ஓட்டி, வேக மிதியை அழுத்துக. தட்டுச்சத்தம் நீடித்தால் நேரத்தைச் சிறிது பின்தள்ளுக. ஒரு முறைக்கு ஒரு பாகைக்கு மேல் மாற்றுதல் கூடாது.

எச்சரிக்கை

கைப்பிடியாற் சுற்றுகையில் பெருவிரலை மற்றை விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். பொறி முந்திய யந்திரம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். பிளக் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி வெளிவரும். அருகில் புகைத்தலும் விளக்கேற்றுதலும் ஆகா.

மண்ணெண்ணெயில் ஓடிய யந்திரத்தில், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி யந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோலுக்கு மாறும் அன்றே அவ்வெண்ணெயையும் மாற்றுக. சிலிண்டர்த் தலையின் கீழ் தடித்த கஸ்கற் இடப்பட்டதா எனவும் விசாரித்தறிக. இடப்பட்டிருப்பின் அமுக்கம் குறைந்து, நேரம் சரியாயிருந்தும் இழுவை வராது. தண்டு ஆட்டமும் சங்கிலித் தேய்வும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டிய வேலைகள்.

வேலை முடிந்ததும் எரிபொருள், பொயின்ற் இடைவெளி, பாகை, திகதி ஆகிய நான்கையும் ஒரு தகட்டில் எழுதி யந்திர மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தல் நன்று. அடுத்து அவ்வண்டியைத் திறப்பவர் எவராயினும், அது எந்த எரிபொருளுக்கு வைக்கப்பட்டது என்பதை உடனே அறிந்துகொள்வார்.