கோபாலுக்குப் பசிக்கும்போது

‘போபோய்போய்’ கார்ட்டூனில் வரும் கோபாலை வைத்து நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள் என்கிறீர்கள். தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன் அண்ணே.

‘போபோய்போய்’ நம் மலேசியச் சரக்குதான். ‘உப்பின் இப்பின்’ எடுத்த ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தவர்கள் சைபர்ஜெயாவில் அனிமான்ஸ்டாவைத் தொடங்கினார்கள். 2011 மார்ச்சில் டிவி3இல் தொடர் வந்தது. அடு டு என்ற சதுரத் தலையன், கோகோவில் சக்தி இருப்பதைக் கண்டு பூமிக்கு வருகிறான். தோக் அபாவின் கோகோ கடையைச் சுற்றித் திரியும் பள்ளிப் பிள்ளைகள் அவனை மறிக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் நம் கோபால் பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன், போதாததற்குக் கடையில் கடன் வேறு. உறுத்தத்தான் செய்யும். ஆனால் மற்றவர்களையும் பாருங்கள். யாயா நல்ல பிள்ளை. அவள் சுடும் பிஸ்கட்டை வாயில் வைக்க முடியாது, அது அவளுக்கு மட்டும் தெரியாது. அடு டு தோற்றதும் தன் ரோபோ புரோபின் மீது கோப்பையை விட்டெறிகிறான். தப்பு எப்போதும் அடுத்தவனுடையது.

நாயகனுக்குத்தான் பெரிய ஓட்டை. போபோய்போய் மூன்று பேராகப் பிரிந்து சண்டை போடுவான். நெடுநேரம் பிரிந்தே இருந்தால் நினைவு மங்கும். யார் நண்பன், யார் எதிரி என்பதே மறக்கும். பலம் எதுவோ அதிலேயே பலவீனத்தையும் வைத்தார்கள். முதல் பருவத்தில் எனக்குப் பிடித்த எழுத்து வேலை அது.

இப்போது கோபாலுக்கு வருகிறேன். பொருளின் மூலக்கூறுகளை மாற்றுவது அவன் சக்தி. எதிரி வீசுவதைத் தின்பண்டமாக்கி விடுவான். யாயாவின் ஈர்ப்பு விசையையும் இன்னொரு தோழி யிங்கின் காலக் கட்டுப்பாட்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கதை பெரிதாகக் கெடாது. கோபாலின் சக்தியை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. அது அவன் வயிற்றிலிருந்து வருவது. சிரிக்க வைக்கும் குறையே ஆயுதமாகிறது. இவ்வளவு கச்சிதம் மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே பெருந்தீனி பற்றி எனக்குப் புகார் இல்லை. பயம்தான் சலிப்பு; ஒரே அலறலை அத்தனை முறை போட்டால் சிரிப்பு எங்கே வரும்? இன்னொன்றும் உண்டு. அவன் வாயில் ‘டேய்’யைத் தாண்டித் தமிழ் அதிகம் வருவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பத்து வயதுப் பையன் மலாயும் தமிழும் கலந்து பேசுவதை எந்தக் கடை மேசையிலிருந்தும் கேட்கலாம். அதை எழுதியிருந்தால் கோபால் இன்னும் வேடிக்கையாக இருந்திருப்பான்.