செம்பைப் பிடிக்கும் தேயிலைச் சக்கை

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களின் பேக்டரிகளில் தூளைச் சலிக்கும்போது தண்டும் நாரும் கழிவுத் தேயிலையாக ஒதுங்குகின்றன. முலாம் பூசும் ஆலைகளின் கழிவுநீரில் கரைந்துபோகும் செம்பை இந்தச் சக்கையால் பிடிக்க முடியும்.

எப்படி? சக்கையின் செல்லுலோஸ், லிக்னின், டானின் ஆகியவற்றில் ஆக்சிஜன் கொண்ட அமிலத் தொகுதிகள் நிறைய உண்டு. நேர்மின்னேற்றமுள்ள உலோக அயனிகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அமரசிங்க, பிரிட்டனின் வில்லியம்ஸுடன் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 1 கிராம் சக்கை அதிகபட்சம் 48 மில்லிகிராம் செம்பையும் 65 மில்லிகிராம் ஈயத்தையும் பிடித்தது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் முதல் 15–20 நிமிடங்களிலேயே முடிந்துவிட்டது! முன்னதாகச் சக்கையைச் சாயம் போகும்வரை கொதிநீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் கழிவுநீர் தேநீராகிவிடும்.

பிடித்தாயிற்று, சக்கையை எப்படி வெளியே எடுப்பது? சக்கையோடு காந்தத் துகள்களைச் சேர்த்த கூட்டுப்பொருள் உதவுவது இங்கேதான். சக்கையை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து அம்மோனியா சேர்த்தால், அதன்மேல் மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் படியும். பிறகு ஒரு காந்தமே போதும், சக்கை மொத்தமும் ஒதுங்கிவிடும்.

அமிலம் மிகுந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகள் உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கை சரியாக வேலை செய்யாது. அந்தக் குறையே மீட்பின் வழியும்கூட. உலோகம் ஏறிய சக்கையைக் கொஞ்சம் நீர்த்த அமிலத்தில் அலசினால் செம்பு செறிவாக இறங்கும். மின்னாற்பகுப்பில் அதைத் தகடாக்கலாம். ஆனால் அமிலம் கூடினால் மேக்னடைட்டும் கரையும்.

செறிந்த கழிவுநீருக்குச் சுண்ணாம்பிட்டுப் படியவைப்பதே மலிவு. உலோகம் மிக நீர்த்துக் கிடக்கும் கடைசிக் கட்டத்துக்கே இந்தச் சக்கை பொருந்தும்.