கிறிஸ்துமஸ் பூ அலங்காரமும் ஒரு துண்டு வாழை மரமும்

போன டிசம்பரில், அரியாங்குப்பத்தில் இருக்கும் நண்பர் வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு, "மேஜை நடுவுல வைக்கிற பூ அலங்காரம் என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். யூடியூபில் பார்த்தால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறார்கள்: பைன் கிளை, ஹாலி இலை, சிவப்புப் பழங்கள், பாயின்செட்டியா, அப்புறம் பூக்களைக் குத்தி வைக்கப் பச்சை நிறத்தில் ஒரு ஃபோம் கட்டி. வீராம்பட்டினத்தில் பைனுக்கு நான் எங்கே போவது? ஃபோம் மட்டும் டவுனில் கிடைத்தது.

எப்படியோ செய்து முடித்தேன், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. பண்டிகை முடிந்து தட்டைக் கழுவியபோதுதான் விஷயம் புரிந்தது. கை பட்ட இடமெல்லாம் ஃபோம் மாவு மாதிரி உதிர்ந்து, பச்சைத் தண்ணீராக வாய்க்காலில் ஓடியது. பக்கத்தில் நின்ற அத்தை கேட்டார்: "ஏம்பா, இந்தத் தண்ணி நம்ம கடலுக்குத்தானே போவுது?" என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு செய்த சின்ன ஆராய்ச்சிதான் இந்தக் குறிப்பு.

அந்தப் பச்சைக் கட்டி என்ன?

1950களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த பொருள் இது. பீனால்-பார்மால்டிஹைடு பிசினை நுரையாக்கிச் செய்வது. அதாவது பிளாஸ்டிக்தான். மட்காது, உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடியாது. உதிர்ந்த தூள் அப்படியே நுண் பிளாஸ்டிக். இந்தத் துகள்களை நீர்வாழ் சிற்றுயிர்கள் விழுங்குவதை ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் இதற்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டது. மீனை நம்பி வாழும் ஊரில் நாம் ஏன் இதை வாங்க வேண்டும்?

பச்சையும் சிவப்பும் ஏன்?

ஐரோப்பாவில் டிசம்பரில் பூ கிடையாது. பனியிலும் பச்சையாக நிற்பவை பைன், ஐவி, ஹாலி மாதிரி சில செடிகள்தான். சிவப்பு என்றால் ஹாலியின் பழம். இருப்பதை வைத்து அலங்கரித்தார்கள், அதுவே மரபாகிவிட்டது. நமக்கோ அது மார்கழி. வாசலில் சாணத்தில் பூசணிப் பூவைக் குத்தி வைக்கிற மாதம்! பூவுக்கா பஞ்சம்?

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. மெக்சிகோவின் பாயின்செட்டியாவும் நம்ம செவ்வந்தியும் ஒரே கணக்கில்தான் வேலை செய்கின்றன. இரவு நீண்டால்தான் இரண்டும் பூக்கும். புதுச்சேரியில் டிசம்பர் 22 வாக்கில் இரவு சுமார் 12½ மணி நேரம். பாயின்செட்டியா தொட்டியைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் வைத்தால் சிவக்காமலே போய்விடும். இன்னொன்று, அதில் சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல, நிறம் மாறிய இலை. நம் காகிதப் பூவிலும் (போகன்வில்லா) அதே கதைதான். பிரெஞ்சுக் கடலோடி புகன்வில்லின் பெயரைத் தாங்கிய அந்தச் செடி இங்கே பல வீட்டு மதிலில் தொங்குகிறது.

நம்மூர்ப் பட்டியல்

பைனுக்குப் பதில் சவுக்கு. நம் பக்கத்தில் பலர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரமே சவுக்குக் கிளைதான். ஆனால் சவுக்கு பைன் இனமே இல்லை. ஊசி போலத் தெரிபவை மெல்லிய பச்சைக் குச்சிகள். உண்மையான இலைகள், கணுக்களில் ஒட்டியிருக்கும் பொடிச் செதில்கள். சின்ன வயதில் அந்தக் கணுவைக் கழற்றி விளையாடியிருப்பீர்கள். சவுக்குக் காய் பைன் காய்க்கு நல்ல மாற்று. சிவப்புக்குக் கோழிக்கொண்டை, வெள்ளைக்குச் சம்பங்கி, மஞ்சளுக்குச் செவ்வந்தி. பெரிய மார்க்கெட்டில் எல்லாமே கிடைக்கும்.

ஃபோமுக்குப் பதில், குலை வெட்டிய பிறகு சாய்க்கிற வாழை மரத்தில் ஒரு துண்டு. அதன் பட்டைக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. குத்தினால் காம்பைப் பிடித்துக்கொள்ளும், ஈரமும் வைத்திருக்கும்.

செய்முறை

1. ஒரு சாண் நீளத் துண்டைப் படுக்க வையுங்கள். உருளாமல் இருக்க அடியில் லேசாகச் சீவிவிடுங்கள். வாழைக் கறை துணியில் பட்டால் போகாது, ஜாக்கிரதை.

2. தாம்பாளத்தில் வைத்து அரை அங்குலம் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. பூக்காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் காம்பின் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து, தண்ணீர் ஏறுவதைத் தடுக்கும். வாங்கி வந்ததும் ஓர் இரவு வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது.

4. முதலில் சவுக்கு, சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்வாக. பிறகு நடுவில் உயரமாகச் சம்பங்கி, இடைவெளியில் கோழிக்கொண்டை, செவ்வந்தி. மெல்லிய காம்புக்கு முதலில் மூங்கில் குச்சியால் துளை போடுங்கள்.

5. காகிதப் பூ சீக்கிரம் வாடும். விருந்தாளி வருகிற நேரத்தில் செருகினால் போதும்.

6. மெழுகுவர்த்தி வைப்பதானால் கண்ணாடி டம்ளருக்குள் வைத்து, பக்கத்தில் தள்ளியே நிறுத்துங்கள். காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பாயின்செட்டியா வேண்டுமென்றால் வெட்ட வேண்டாம், தொட்டியோடு பக்கத்தில் வையுங்கள். வெட்டினால் பால் வடியும், சிலருக்குத் தோலில் பட்டால் அரிக்கும்.

ஒரு குறை உண்டு. வாழைத் துண்டு இரண்டு மூன்று நாளில் கருக்க ஆரம்பிக்கும். அதனால் 24ஆம் தேதி மாலையில் செய்வதுதான் சரி. முடிந்ததும் மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் தென்னை மரத்தடியில் போட்டுவிடலாம். தாம்பாளம் கழுவிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றலாம். அது கடலுக்கே போனாலும் அத்தைக்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.