ஊர்ச் சைக்கிளும் எங்கள் சைக்கிளும்

1994 தை மாதம். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நானும் என் நண்பனும் திருவான்மியூரிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். இரண்டும் கறுப்பு அட்லஸ். அவனுடையது அவன் அப்பா வேலைக்கு ஓட்டிய வண்டி. கேரியரில் ஒரு போர்வை, இரண்டு கைலி, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம். எல்லாவற்றையும் பழைய டியூபைக் கீறி எடுத்த ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தோம். கியர் கிடையாது, பம்பும் கிடையாது. பஞ்சரானால் என்ன செய்வது என்ற யோசனையே வரவில்லை.

இந்தத் தை மாதம் அதே வழியில் மறுபடியும் போனோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இந்தப் பயணத்துக்கு இப்போது ‘பைக்பேக்கிங்’ என்று பெயர். சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை, ஹேண்டில்பாரில் ஒரு பை. டிஸ்க் பிரேக், டியூப்லெஸ் டயர், ஓட்டை விழுந்தால் தானாக அடைத்துக்கொள்ள டயருக்குள் ஒரு திரவம். இரண்டு நாளில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற தைரியத்தில் கிளம்பினோம்.

அன்று கொட்டிவாக்கம் தாண்டியதும் சவுக்குத் தோப்புகள் தொடங்கிவிடும். மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். தெரியாத இடத்தில் சத்தம் கேட்கும். ஊருக்கு ஊர் துண்டு துண்டாகக் கிடந்த சாலைகளை 1990களின் இறுதியில் இணைத்துத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானது. இன்று அந்தத் தோப்புகள் இருந்த இடமெல்லாம் மதில் சுவர்கள். முட்டுக்காட்டுக் கழிமுகப் பாலம் வந்த பிறகுதான் ‘ஆமாம், இது கடற்கரைச் சாலைதான்’ என்று மனம் ஒப்புக்கொண்டது.

நெம்மேலிக்குப் பக்கத்தில் அன்று ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். அந்த அம்மா தோப்புக்குள் இருந்த மணல் கிணற்றுக்கே கூட்டிப்போனார். நாலு முழம் கயிறு இறங்கவில்லை, சொம்பு நிறைந்து வந்தது. கடல் கூப்பிடு தூரத்தில். தண்ணீரோ இளநீர் மாதிரி. இன்று அதே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. அந்தத் தண்ணீர் குழாயில் நகரத்துக்குப் போகிறது. நாங்கள் சாலையோரக் கடையில் பாட்டில் வாங்கிக் குடித்தோம்.

கடப்பாக்கத்துக்கு அருகே ஒரு குப்பத்தில் அன்றிரவு படுத்தோம். விடியலில் கண் விழித்தபோது, காய்வதற்காக அவிழ்த்துப் போட்டிருந்த மரங்களை வரிசைப்படுத்திக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிய பிறகுதான் அது கட்டுமரம் என்பதை நான் பார்த்துப் புரிந்துகொண்டது அங்கேதான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. இன்று அதே மணலில் இஞ்சினோடு அவை நிற்கின்றன. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய பெண்கள் இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். கழுத்து நோவு கொஞ்சமாவது குறைந்திருக்கும். இந்த மாற்றங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

என்னைத் தொட்ட மாற்றம் வேறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை நான்குவழியாக அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. அங்கே கிடந்த கூர்ங்கல் ஒன்று என் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. உள்ளே இருந்த திரவம் பால் போலப் பீய்ச்சி அடித்து வழிந்து தீர்ந்தது. இரண்டு பைக் மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, “சார், இது நமக்குப் பழக்கமில்ல” என்று கைவிரித்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பூவரச மரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. சுற்றிலும் அரசு கொடுத்த பள்ளிச் சைக்கிள்கள். பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, கிழிசலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். “டியூப் வெச்சிருக்கீங்களா தம்பி?” இருந்தது. குப்பையாகக் கிடந்த டயர்களில் தேய்ந்த பள்ளிச் சைக்கிள் டயர் ஒன்றை உருவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தார். டியூபில் உறுத்தாமல் இருக்க அதன் ஓரங்களை அரத்தால் ராவி மெலிசாக்கினார். கிழிசலின் உட்புறம் அதைப் பதித்து, டியூபை ஏற்றி, பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைத் தரையில் தட்டிப் பார்த்தார். பிறகு முழுக் காற்று. “பாண்டி என்ன, வேதாரண்யமே போவலாம்” என்றார்.

அன்று இப்படிப்பட்ட கடை ஊருக்கு ஊர் இருந்தது. எங்கள் சைக்கிள்தான் ஊர்ச் சைக்கிள். ஊர்க்காரர்கள் வண்டியின் ஃப்ரீவீலும் எங்கள் ஃப்ரீவீலும் ஒன்றே. அதனால்தான் பம்பு இல்லாமல் கிளம்பும் துணிச்சல் எங்களுக்கு வந்தது. இன்று இந்தக் கடைக்குச் சோறு போடுவது பள்ளிப் பிள்ளைகள். “இந்தப் புள்ளைங்க இல்லன்னா எப்பவோ மூடியிருப்பேன்” என்றார் பெரியவர். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம், ஊர்ச் சைக்கிளை மட்டுமல்ல, அதைப் பழுது பார்க்கும் கையையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நாலரை மணிக்குப் பள்ளி விட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் எங்களோடு சாலையில் ஏறினார்கள். வாடைக்காற்று முதுகைத் தள்ள, மிதிக்காமலே வண்டி ஓடியது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்தியபடி வந்தது. பிள்ளைகள் பழகிய வேகத்தில் சரளைக்கு இறங்கிக் காலூன்றி நின்றார்கள். நாங்களும் நின்றோம். பஸ் போன காற்றில் எல்லாச் சைக்கிளும் ஒருமுறை ஆடின. எங்களுக்கு இந்தச் சாலை இரண்டு நாள் பயணம். அவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை. நான்கு வழி போடுகிறவர்கள் ஐந்தாவதாக இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி போடவேண்டும். ஓரக்கோடு போதாது, தடுப்பு வைத்த தனிப் பாதை வேண்டும்.

அன்று வழியெல்லாம் எங்களைக் கேட்ட கேள்வி, “எந்த ஊரு?” இந்த முறை கேட்டதெல்லாம், “சைக்கிள் என்ன விலை?” சரளையில் பக்கத்தில் நின்ற பெண் என் டயரைக் குனிந்து பார்த்தாள். “அந்தத் தாத்தா கடையிலயா போட்டீங்க? எங்களுக்கும் அவருதான்” என்றாள். பிறகு பெடலில் கால் வைத்துக்கொண்டே கேட்டாள்: “நீங்க எந்த ஊரு?”