வெண்புள்ளி போடும் கோலங்கள்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் முழங்காலில் பால் நிறத்தில் ஒரு திட்டு தோன்றியது. "வெண்குஷ்டம்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அன்று முதல் அவளுடைய டிபன் பாக்ஸில் நாங்கள் கை வைக்கவில்லை. அவளும் ஏனென்று கேட்கவில்லை. அந்த வெட்கம்தான் எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது.

முதலில் அந்தப் பெயரே தவறு. தமிழ்நாடு அரசே அச்சொல்லை விலக்கி, "வெண்புள்ளிகள்" என்று எழுதச் சொல்லியிருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய் மருத்துவமனை இருப்பதை நாம் அறிவோம். அந்த நோய் வேறு, இது வேறு. தொழுநோய் கிருமியால் வருவது. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அக்கிருமியைக் கண்டுபிடித்தார். தொழுநோய்த் திட்டு வெளிறி, உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியின் மேல் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்! இதில் கிருமியே இல்லை. பிறகு எப்படித் தொற்றும்?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்களை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பகைவன் என்று எண்ணி அழித்துவிடுகிறது. மீனும் தயிரும் சேர்த்து உண்டதால் வந்தது என்று பாட்டிமார் சொல்வதில் உண்மையில்லை. உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு.

இத்திட்டுகள் கண்டபடி விழுவதில்லை என்பதே எங்களை வியக்க வைத்தது. பெரும்பாலோருக்கு, கோலத்தில் இருபுறமும் ஒத்த புள்ளி வைப்பதுபோல், வலது முழங்காலில் வந்தால் இடது முழங்காலிலும் வரும். சிலருக்கு விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மட்டும் வரும். இன்னொரு வகை உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக இறங்கும். நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது. இது சிறு வயதிலேயே தொடங்கி, ஓரிரு ஆண்டு வேகமாகப் பரவி, பிறகு நின்றுவிடுவது வழக்கம். அவ்விடத்து முடியும் நரைத்துவிடும்.

ஏற்கெனவே இந்நோய் உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலும் உராயும் இடத்திலும் புதிதாகத் திட்டு வரலாம். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடுப்பு இதற்கு நல்ல உதாரணம். (அம்மாமார்கள் கவனிக்க!) ஸ்டிக்கர் பொட்டின் பசையிலும் ரப்பர் செருப்பிலும் உள்ள சில இரசாயனங்கள் நிறச் செல்களைக் கொல்வதுண்டு. பொட்டு வைத்த இடத்திலேயே பொட்டளவு வெள்ளை தெரிந்தால், அதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நிறம் திரும்புமா? பலருக்குத் திரும்புகிறது. முடியின் வேரடியில் கொஞ்சம் நிறச் செல்கள் தங்கியிருக்கும்; அது ஒரு நாற்றங்கால் போல. களிம்பும் ஒளிச் சிகிச்சையும் கொடுத்தால் அங்கிருந்து பழுப்புப் புள்ளிகளாகக் கிளம்பிப் பரவும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடியில்லை. அதனால் அங்கே குணமாவது கடினம். நோய் பரவாமல் நின்றவர்களுக்கு, நல்ல தோலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து வெள்ளைத் திட்டில் நடுகிறார்கள். நம் ஊர் நடவேதான்!

எங்கள் தோழியின் முழங்காலில் இப்போது கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஆனால் அவை தெரிவதற்கு முன்பே, அவள் கொண்டுவரும் எலுமிச்சம்பழச் சாதம் மத்தியான மணி அடித்த ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துபோகத் தொடங்கிவிட்டது.