கிரெயானுக்கு நல்ல நடிகரைப் போடுங்கள்

தாய்மாமன் ஓர் உத்தரவு போடுகிறான். மருமகள் முறையுள்ள பெண் அதை மீறுகிறாள். 'ஆன்டிகனி' நாடகத்தின் கதை இவ்வளவுதான். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் சோஃபோக்ளிஸ் எழுதியது. இன்றுவரை உலகத்தில் எங்காவது ஒரு மூலையில் யாராவது அதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தீப்ஸ் நகரத்தின் மீது அந்நியப் படையோடு வந்தவன் பாலினைசிஸ். நகரத்தைக் காத்து நின்றவன் அவனுடைய உடன்பிறப்பு எடியோக்ளிஸ். ஒருவனை ஒருவன் வெட்டி இருவரும் செத்தார்கள். அரியணையில் உட்கார்ந்த மாமன் கிரெயான், காத்தவனுக்கு அரச மரியாதை என்றும், படையெடுத்தவனை நாய்க்கும் கழுகுக்கும் போடு என்றும் அறிவித்தான். மீறினால் மரணம். இறந்தவர்களின் தங்கை ஆன்டிகனி மீறினாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் அந்த மாமன் மகன் ஹீமோன். இந்த உறவுச் சிக்கலை நம் வாசகர்களுக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உத்தரவு எழுதிப் பழகிய கை. அதனாலோ என்னவோ, படிக்கும்போது என் மனம் முதலில் கிரெயான் பக்கம்தான் சாய்ந்தது. போர் முடிந்த மறுநாள் காலை. நகரம் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஊரைக் கொளுத்த வந்தவனுக்கும் காத்தவனுக்கும் ஒரே மரியாதை செய்தால் செத்த வீரர்களின் வீட்டார் கேட்க மாட்டார்களா? ஏதென்ஸிலேயே துரோகியை நாட்டு எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் எல்லைக்கு வெளியே புதைக்கத் தடையில்லை. கிரெயான் தாண்டிய கோடு அதுதான். பிணத்தின் விஷயத்தில் ஏதென்ஸ்காரர்கள் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகளில் ஆறு பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். போரில் உடைந்த கப்பல்களிலிருந்து தங்கள் ஆட்களையும் செத்தவர்களின் உடல்களையும் மீட்காமல் வந்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அரசனும் இல்லை, ஆன்டிகனியும் இல்லை. பெயர்கூட இல்லாத ஒரு காவலாளி. பிணத்தின் மேல் யாரோ மண் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல வருகிறான். மண்வெட்டி பட்ட தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை, மேலே மெல்லப் படிந்த புழுதி மட்டும்தான். யார் போய் அரசனிடம் சொல்வது என்று காவலாளிகள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம், இவன் பெயர் வந்துவிட்டதாம். வரும் வழியெல்லாம் நின்று நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்ததாக ஒப்புக்கொள்கிறான். கலெக்டரிடம் கெட்ட சேதி சொல்லப் போன எந்தக் கீழ்நிலை ஊழியருக்கும் அந்த நடை தெரியும். மறுபடி வந்து அவன் சொல்கிற விவரம் இன்னும் துல்லியமானது. மண்ணைத் துடைத்துவிட்டு, நாற்றம் தாங்காமல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் புழுதிக் காற்று எழுந்து அடங்குகிறது. பார்த்தால் அந்தப் பெண் நிற்கிறாள். கையால் அள்ளிய மண்ணும் வெண்கலக் குடமுமாக மூன்று முறை நீர் வார்க்கிறாள். பிடித்ததும் தன் உயிர் தப்பியதே என்று அவனுக்குச் சந்தோஷம், இவள் சாகப்போகிறாளே என்று வருத்தமும்.

அவள் செய்தது புதைப்பது அல்ல, பிடி மண் போடுவது. மயானத்தில் நாம் போடுகிற அதே மண்.

இந்தக் கதையைப் பின்னால் வந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1944 பிப்ரவரியில் ஜெர்மானிய ராணுவத்தின் பிடியில் இருந்த பாரிஸில், பிரெஞ்சு நாடகாசிரியர் ஜான் அனுயியின் 'ஆன்டிகனி' மேடையேறியது. ஜெர்மானியத் தணிக்கை அதை அனுமதித்தது. காரணம் புரியாததல்ல. அவருடைய கிரெயான் கொடுங்கோலன் இல்லை. மூழ்கும் கப்பலில் யாராவது தண்ணீர் இறைத்தாக வேண்டுமே என்கிற சலித்துப்போன நிர்வாகி. உன் அண்ணன்கள் இருவருமே அயோக்கியர்கள், சிதைந்து கிடந்த உடல்களில் எது யாருடையது என்றே தெரியவில்லை, கொஞ்சம் உருப்படியாகக் கிடந்ததை எடுத்து அரச மரியாதை செய்தேன் என்று அந்தப் பெண்ணிடமே சொல்கிறான். அதற்குப் பிறகும் அவள் இல்லை, முடியாது என்கிறாள். எதிர்ப்பு இயக்கத்தார் சிலர் அவளில் தங்களைப் பார்த்தார்கள். வேறு சிலர், இது ஆக்கிரமிப்பாளருக்கு ஒத்து ஊதுகிற நாடகம் என்று அனுயியைச் சாடினார்கள். நகரம் விடுதலையான பிறகும் நாடகம் ஓடியது.

நான்கு ஆண்டு கழித்து ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் சுவிட்சர்லாந்தில் போட்ட வடிவத்தில் கிரெயான் அப்பட்டமான ஹிட்லர். மேடையில் அதன் வலு பெரிதாக இருந்திருக்கலாம். படிக்கிறபோது எனக்கு அனுயிதான் உறைக்கிறது.

அடுத்தது ராபன் தீவு. தென்னாப்பிரிக்காவின் அந்தச் சிறையில் கைதிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடகம் போடுவார்கள். ஒருமுறை 'ஆன்டிகனி'. அதில் கிரெயான் வேடம் கட்டியவர் நெல்சன் மண்டேலா. அநியாயச் சட்டத்தை மீறியதால் ஆன்டிகனிதான் எங்கள் போராட்டத்தின் அடையாளம் என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். அதே இடத்தில், ஆட்சி செய்யும்போதுதான் ஒருவனின் உண்மையான குணம் தெரியும் என்று கிரெயான் ஆரம்பத்தில் பேசுவதையும், பிறகு அவன் பிடிவாதத்தால் கெட்டதையும் எடுத்துச் சொல்கிறார். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர், தப்பான ஆட்சியாளனின் வசனத்தைச் சிறைக்குள் இருந்து மனப்பாடம் செய்திருக்கிறார். எந்த நிர்வாகப் பயிற்சி நிலையத்தில் இப்படி ஒரு பாடம் உண்டு?

1973இல் நாடகாசிரியர் ஆதொல் ஃபுகார்டும் ஜான் கானி, வின்ஸ்டன் என்ட்ஷோனா என்ற இரண்டு நடிகர்களும் சேர்ந்து உருவாக்கிய 'தி ஐலண்ட்' இந்தச் சிறையிலேயே நடக்கிறது. சிறை நிலவரத்தை வெளியில் பேசுவதே ஆபத்து என்பதால் முதலில் வேறு தலைப்பில் மேடையேறியது. இரண்டே பாத்திரம், பெயரும் நடிகர்களுடையதே. தொடக்கத்தில் நீண்ட நேரம் வசனமே இல்லை. ஒருவன் மணலை வாரி மற்றவன் குழியில் கொட்ட, மற்றவன் வாரி இவன் குழியில் கொட்டுகிறான். பிறகு அறைக்குள் ஒத்திகை. பெண் வேடத்துக்குப் பொய் முடி வைத்த வின்ஸ்டனைப் பார்த்து ஜான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். வின்ஸ்டன் முடியைக் கழற்றி எறிகிறான். ஆன்டிகனி எவளோ கதையில் வருகிறவள், நம் கஷ்டம் நிஜம் என்கிறான். இதற்குள் ஜானுக்குத் தண்டனை குறைந்து மூன்றே மாதத்தில் விடுதலை என்று சேதி வருகிறது. வின்ஸ்டனுக்கோ ஆயுள். அந்த இரவு முழுக்க உடைந்து கிடந்தவன்தான் மறுநாள் வேடம் கட்டி வந்து, கடைசியில் பொய் முடியைக் கழற்றிவிட்டுத் தன் குரலிலேயே பேசுகிறான். பார்வையாளர்களாகிய நாம் அப்போது சிறை அதிகாரிகளின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். 1975இல் நியூயார்க்கின் டோனி விருதை இரு நடிகர்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி காணாமல் அடித்தவர்களை நினைத்து 1986இல் கிரிசெல்டா கம்பாரோ இதைத் திருப்பி எழுதினார். 2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசனில் போலீஸ் சுட்ட மைக்கேல் பிரவுனின் உடல் சுமார் நான்கு மணி நேரம் தெருவில் கிடந்தது. இரண்டு ஆண்டில் அந்த வட்டாரத்தில் இந்த நாடகத்தை வாசித்துக் காட்டியபோது, கோரஸில் பாடியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், போலீஸ்காரர்களும் இருந்தார்கள். சமாதான நாடகம் என்று இதை நான் சொல்லவில்லை. ஆனால் போலீஸ்காரரும் வந்து நிற்க இடமிருக்கிறது. கிரெயானுக்கும் ஒரு நியாயம் இருந்தால்தான் அது நடக்கும்.

நம்மூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் உட்கார்ந்துவிடுவதும், அதிகாரிகள் நள்ளிரவு வரை பேச்சுவார்த்தை நடத்துவதும் தெரிந்ததே. நாடகத்தில் பிணத்தைத் தர மறுக்கிறார்கள், இங்கே வாங்க மறுக்கிறார்கள். செத்த உடல் அரசாங்கத்தை எப்படிப் பதற வைக்கும் என்பது மட்டும் மாறவில்லை.

கிரெயான் தோற்றது எங்கே? கண் தெரியாத சோதிடர் டைரீசியஸ் எச்சரித்த பிறகு அவன் மனம் மாறிவிடுகிறான். ஊர்ப் பெரியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: குகையில் அடைத்த பெண்ணை விடுவி, செத்தவனுக்குக் கல்லறை கட்டு. அவன் போய் முதலில் பிணத்தை எரித்து, மேடு எழுப்பி, முறையாகச் சடங்கு முடித்துவிட்டு, அப்புறம் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். மகன் வாளில் விழுகிறான். செய்தி கேட்ட மனைவியும் சாகிறாள். உயிரோடு இருப்பவரின் கோப்பை அடியில் வைத்துவிட்டுச் செத்தவரின் கோப்பை முதலில் பைசல் செய்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் இல்லை, வரிசை தப்பியவர்கள்.

கல்லூரிகளில் இதை மேடையேற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்டிகனிக்கு நல்ல நடிகை தானாகக் கிடைத்துவிடுவாள். உங்கள் குழுவின் சிறந்த நடிகரைக் கிரெயானுக்குப் போடுங்கள், மீசையை முறுக்க விடாதீர்கள். நேரமில்லை என்று அந்தக் காவலாளியின் காட்சியையும் வெட்டிவிடாதீர்கள்.