அதிர்வை அடக்குவோம்!



ஓடுகிற இயந்திரம் எதுவானாலும் கொஞ்சமாவது அதிரத்தான் செய்யும். அதை எப்படி அடக்குவது? மார்க்குக்காகப் படித்த இந்தப் பாடத்தை நான் உண்மையில் கற்றுக்கொண்டது ஒரு மாவு மில்லில்.

என் அப்பா அங்கே ஆபரேட்டர். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். மோட்டார் ஓடினால் தரையே கிடுகிடுக்கும். ஃபவுண்டேஷன் போல்ட் வாராவாரம் லூசாகும். "நல்லா முறுக்கு" என்பார் ஓனர். நாளெல்லாம் மெஷின் மேல் கை வைத்திருந்துவிட்டு, ராத்திரி சோற்றைப் பிசையும்போது "விரல் மரத்துப் போச்சுடா" என்பார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் ஆச்சே நான்! பழைய டயரை வெட்டி மோட்டாருக்கு அடியில் வைக்கச் சொன்னேன். ஆட்டம் முன்னைவிட அதிகமாச்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போச்சு.

ஏன் அப்படி? மோட்டார் வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்று. அதாவது நொடிக்கு 24. எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு இத்தனை தடவை என்று ஆடும். அதுதான் இயல்பு அதிர்வெண். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு சேர்த்துத் தள்ளினால் உயரப் போகிறதல்லவா? அதுபோல இரண்டு எண்ணும் ஒன்றானால் ஒத்ததிர்வு! மோட்டார் எடையில் ரப்பர் சுமார் 0.4 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் 24-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். என் டயர்த் துண்டு அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். 4 மி.மீ. அமுங்கும் மெத்தென்ற ரப்பரானால் அது 8 ஆகும். தரைக்குப் போகும் விசை சுமார் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஆனால் அது இரண்டாவது வைத்தியம். முதல் வைத்தியம் நோயின் மூலத்தைப் பார்ப்பது. "சுத்துறதெல்லாம் சமமா இருக்கான்னு பார்த்தியா?" என்று கேட்டார் எங்கள் ஆசிரியர். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன்.

"மோட்டார் புல்லி ஓரத்துல சில்லு பேந்து ஒரு வருஷமாச்சே. யாரு கேட்டா?" என்றார்.

கணக்குப் போட்டேன். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 50 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 114 நியூட்டன். பதினோரு கிலோ எடைக்கு மேல்! அது நொடிக்கு 24 தடவை சுற்றிச் சுற்றி இழுத்தால் எந்த போல்ட் தாங்கும்? வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு.

மூன்றாவது வைத்தியம், ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சுவது. லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூனில் திறந்தபோது, ஜனங்கள் நடந்த நடைக்கே பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடினார்கள். பைக் ஷாக் அப்சார்பர் மாதிரி திரவத்தால் இயங்கும் 37 டேம்பர்களையும், ஆட்டத்தை எதிர்க்கும் எடைகளையும் பொருத்தி 2002-ல் மறுபடி திறந்தார்கள்.

எங்கள் மில்லுக்கு அவ்வளவு செலவில்லை. புதுப் புல்லி ஒன்றே போதுமாயிருந்தது. அப்பா ஓடுகிற மோட்டார் மேல் ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வைத்தார். நின்றது! "இதுதான்டா எங்க மீட்டர்" என்று சிரித்தார். அவர் விரல் மரப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைகிறது.

நண்பர்களே! நாளை நாமும் வேலைக்குப் போவோம். ஸ்பேனரைத் தொடும் முன்னால், அந்த மெஷினோடு தினமும் நிற்கிறவரை ஒரு வார்த்தை கேட்போம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்